மழையில் மூடாத வால்வு

பள்ளத் தெருவில் அவருடைய சொந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால் கொஞ்ச நேரம் முழிப்பார்கள். சாவியக்கா என்றால் உடனே கையை நீட்டி வீட்டைக் காட்டுவார்கள். அந்தச் சாவி வீட்டுச் சாவியோ பெட்டிச் சாவியோ இல்லை. ஆளின் நெஞ்சு உயரத்துக்கு நிற்கும் இரும்புக் கம்பி அது. மேலே குறுக்காக ஒரு கைப்பிடி, கீழே சதுரமாக ஒரு வாய். தெருவோரக் குழிக்குள் அதை இறக்கி, வால்வின் தலையில் பொருத்தி, இரண்டு கையாலும் சுற்றினால் தெருவுக்குத் தண்ணீர் வரும். எதிர்ப்பக்கம் சுற்றினால் நிற்கும். காலையில் ஒரு முறை, சாயங்காலம் ஒரு முறை. சாவியக்காவின் வேலை அவ்வளவுதான் என்று குடிநீர் அலுவலகம் நினைத்துக்கொண்டிருந்தது.

அவர் அந்த வேலைக்கு வந்த கதையே தனி. பத்தொன்பது வயதில் குழாய் பதிக்கப் பள்ளம் தோண்டும் கூலியாக வந்தார். ஆறு வருடம் தோண்டினார். எந்தத் திருப்பத்தில் எந்த இணைப்பு இருக்கிறது, எங்கே குழாய் சாக்கடைக்குப் பக்கத்திலேயே படுத்திருக்கிறது என்பதெல்லாம் அவருக்கு வரைபடம் பார்க்காமலே தெரியும். பாதிக் குழாயைப் புதைத்ததே அவர் கைதான். பழைய வால்வுக்காரருக்கு முட்டி தேய்ந்து வீட்டோடு உட்கார்ந்ததும், அலுவலகம் இரண்டு ஆண்களை அடுத்தடுத்துப் போட்டுப் பார்த்தது. ஒருவர் ஒன்பது நாள் வந்தார், இன்னொருவர் நான்கு நாள். மூன்றாவதாகத்தான் இவர்.

முதல் நாள் சாவியைத் தோளில் வைத்துக்கொண்டு நடந்தபோது டீக்கடையில் உட்கார்ந்திருந்த ஒருவர், "ஏம்மா, நீ சாவியைத் தூக்கிட்டுப் போறியா, சாவி உன்னைத் தூக்கிட்டுப் போகுதா?" என்று கேட்டார்.

"நாளைக்குக் காலையில தண்ணி வரலைன்னா உங்க வீட்டம்மா என்னைத்தான் தேடும். உங்களைத் தேடாது. அதைப் பாருங்க முதல்ல."

கடையே சிரித்தது. கேட்டவரும்தான் சிரித்தார். அதற்கப்புறம் யாரும் அந்தச் சாவியைப் பற்றிக் கேலி பேசவில்லை.

பள்ளத் தெருவில் அறுபத்திரண்டு வீடுகள். தொட்டி இருப்பது மேட்டுத் தெருவில். அங்கிருந்து குழாய் சரிந்து இறங்கி, பள்ளத் தெருவில் சாக்கடையை ஒட்டியே கடைசி வரை போகிறது. அநேகமாக ஒவ்வொரு வருடமும் நான்கு மாத வெயிலுக்குப் பிறகு பெரிய மழை ஒன்று கொட்டும். கொட்டிய மூன்றாவது நாள் பள்ளத் தெருவில் வாந்தியும் வயிற்றுப்போக்கும் கிளம்பும். சுகாதார நிலையத்து நர்ஸ் வராந்தாவில் ஆறு கட்டில் போட்டுச் சலைன் பாட்டில்களைத் தொங்கவிடுவார். போன வருடம் நாற்பது பேர். அதற்கு முந்தின வருடம் முப்பத்தொன்று.

ஊரில் எல்லாரும் அதற்கு ஒரு காரணம் வைத்திருந்தார்கள். உடம்புச் சூடு திடீரென்று இறங்கியது, ஈரக்காற்று வயிற்றில் இறங்கியது, மேகமே நோயைக் கொண்டுவருகிறது. சாவியக்காவும் அப்படித்தான் நினைத்திருந்தார், தன் மகளைக் கட்டிலில் படுக்க வைக்கும் வரைக்கும்.

அது இரண்டு வருடத்துக்கு முன்னால். பாப்பாவுக்கு ஏழு வயது. காலையில் விளையாடிக்கொண்டிருந்த பிள்ளைக்குச் சாயங்காலத்துக்குள் கண் உள்ளே போய்விட்டது. நர்ஸ் நரம்பு கிடைக்காமல் மூன்று இடத்தில் குத்தினார். நான்காவது குத்தில்தான் சலைன் இறங்கியது. இரண்டு நாள் அக்கா அந்தக் கட்டிலின் இரும்புக் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தார். பக்கத்துக் கட்டில்களில் எல்லாம் பள்ளத் தெரு முகங்கள். மேட்டுத் தெருவிலிருந்து ஒருவர்கூட இல்லை.

"சிஸ்டர், மழை ரெண்டு தெருவுலயும்தானே பெஞ்சுது?" என்று கேட்டார்.

நர்ஸ் பாட்டிலைப் பார்த்துக்கொண்டே, "நானும் அதைத்தான் யோசிக்கிறேன்க்கா. இன்னொண்ணு சொல்லவா? அடிக்கடி சின்னச் சின்னதா தூறின வருஷம் ஒன்பது பேர்தான் வந்தாங்க. வெயில் நீண்டு போய், அப்புறம் ஒரேயடியா கொட்டுற வருஷம்தான் எனக்குக் கட்டில் பத்த மாட்டேங்குது" என்றார்.

பாப்பா பிழைத்துக்கொண்டாள். ஆனால் அந்தக் கேள்வி மட்டும் அக்காவின் மண்டையை விட்டுப் போகவில்லை.

பதில் ஒரு வாளியில் கிடைத்தது.

இங்கே வால்வுக்காரர்களின் ஒரு வழக்கத்தைச் சொல்ல வேண்டும். மழை வருகிற மாதிரி இருந்தால் அவர்கள் ஓடிப்போய் எல்லா வால்வையும் மூடிவிடுவார்கள். மழை பிடித்துவிட்டால் வால்வுக் குழி நிறைந்துவிடும், உள்ளே எது எங்கே என்று தெரியாது. மழையில் கரண்டும் போகும், தொட்டிக்குத் தண்ணீர் ஏறாது. மழை நாளில் யாருக்கு என்ன தண்ணீர் வேண்டும் என்று ஒரு நினைப்பும் உண்டு. ஆகவே முதல் துளிக்கு முன்னால் மூடிவிட்டு வீட்டுக்குப் போய்விட வேண்டும். அப்படி மூடுகிறவர்தான் நல்ல வேலைக்காரர். சாவியக்கா அந்த ஊரிலேயே வேகமாக மூடுகிறவர் என்று பெயர் வாங்கியிருந்தார்.

போன வருடக் கோடையின் கடைசியில் ஒரு நாள் வானம் கறுத்தது. அக்கா ஓடிப்போய் மூடினார். திரும்பும்போது மழை பிடித்துக்கொண்டதால் தெரு நடுவில் ஒரு வீட்டுக் கூரையோரம் ஒதுங்கினார். அங்கே முற்றத்துக் குழாயில் ஒரு ரப்பர் டியூப் மாட்டியிருந்தது. அதன் மறுமுனை துணி அலசிய சோப்புத் தண்ணீர் வாளிக்குள் முங்கிக் கிடந்தது. அக்கா சும்மா பார்த்துக்கொண்டு நின்றார். வாளியில் தண்ணீர் குறைந்துகொண்டே போனது. வாளியில் ஓட்டை இல்லை. யாரும் தொடவில்லை. கடைசியில் டியூப் ‘கொளக்’ என்று ஒரு சத்தம் போட்டு முழு வாளியையும் குடித்து முடித்தது.

அக்கா திரும்பி, தான் மூடிவிட்டு வந்த வால்வுக் குழிப் பக்கம் பார்த்தார்.

வால்வை மூடினதும் குழாயில் இருக்கிற தண்ணீர் பள்ளத்தை நோக்கி இறங்கி, கீழே திறந்திருக்கிற குழாய்கள் வழியாக வெளியே போய்விடுகிறது. பின்னால் குழாய் காலி. காலிக் குழாய் எது கிடைத்தாலும் உறிஞ்சும். ஒரு வாளியைக் குடிக்கிற குழாய், மண்ணுக்கடியில் விட்டுப்போன இணைப்பு வழியாக எதைக் குடிக்காது? நான்கு மாத வெயிலில் மண் காய்ந்து சுருங்கி இணைப்புகள் இளகிப்போயிருக்கும். அதே நான்கு மாதம் சாக்கடையில் ஓட்டமே இல்லாமல் அழுக்கு தேங்கிக் கிடக்கும். ஒரு பெரிய மழை அத்தனையையும் கரைத்துக் குழாய் படுத்திருக்கிற மண்ணுக்குள் இறக்கும். சரியாக அந்த நேரம் பார்த்து, ஊரிலேயே வேகமான வேலைக்காரி போய்க் குழாயைக் காலி செய்து வைக்கிறாள்.

அன்று அவர் நனைந்துகொண்டே வீட்டுக்குப் போனார். அவருடைய கணவர் தையல்காரர். ஊசியில் நூல் கோத்துக்கொண்டே, "என்ன, பேயைப் பாத்த மாதிரி வர்றே?" என்றார்.

"பேய் இல்லங்க. நான்தான்" என்றார் அக்கா. "நம்ம பிள்ளையை நான்தான் படுக்க வெச்சேன்."

அவர் ஊசியைக் கீழே வைத்துவிட்டார். அன்றைக்கு அந்த மெஷின் அதற்கப்புறம் ஓடவில்லை.

மறுநாள் அலுவலகம். இன்ஜினியர் நல்ல மனிதர்தான், ஆனால் மேஜை நிறையக் கோப்பு. "ஏம்மா, தொட்டியில தினம் குளோரின் போடறோமே, அப்புறம் எப்படிக் கிருமி வரும்?"

"தொட்டியில போடறீங்க சார். அழுக்கு தொட்டி தாண்டித்தானே உள்ள போகுது."

"நீயே பாத்தியா?"

"வாளியைப் பாத்தேன். நீங்க குழாயையே பாக்கணும்னா அடுத்த தூறலுக்கு எங்க தெருவுக்கு வாங்க. வரும்போது வெள்ளைக் குவளை ஒண்ணு எடுத்துட்டு வாங்க."

அடுத்த வாரமே தூறல் வந்தது. இன்ஜினியரும் வந்தார், குடையோடு. அக்கா வழக்கம்போல வால்வை மூடினார். பிறகு குழாயும் சாக்கடையும் உரசுகிற இடத்துக்கு அவரைக் கூட்டிப்போய், தேங்கி நின்ற மழைத் தண்ணீரில் துணிக்குப் போடும் நீலத்தை ஒரு வாளி நிறையக் கரைத்து ஊற்றினார். அறுபத்திரண்டு வீட்டுக்கும் போய், "நாளைக்கு வர்ற தண்ணியை யாரும் தொடாதீங்க, நான் சொன்ன அப்புறம் பிடிங்க" என்று சொல்லிவிட்டு வந்தார்.

காலையில் வால்வைத் திறந்தார். அக்கா வீட்டுக் குழாய்க்குக் கீழே இன்ஜினியர் குவளையை நீட்டினார். முதலில் காற்று சீறியது. பிறகு மண் நிறத்தில் கொஞ்சம். அதற்குப் பிறகு வந்தது நீலம். வெளுத்த வேட்டி நிறத்தில் இல்லை, பள்ளிக்கூட மை நிறத்தில்.

இன்ஜினியர் குவளைக்குள்ளேயே பார்த்துக்கொண்டு நின்றார். தையல்காரர், "சார், துணி எதாவது இருந்தா கொடுங்க, முக்கி எடுத்துடலாம்" என்றார். யாரும் சிரிக்கவில்லை.

"முழுக் குழாயையும் மாத்தணும்" என்றார் இன்ஜினியர் கடைசியில். "அனுமதி வந்து, வேலை நடந்து முடிய ரெண்டு வருஷம் ஆகும்மா."

"அதுவரைக்கும் மழையில மூடாம விட்டாப் போதும் சார். நாலு சுத்து மட்டும் திறந்து வைக்கிறேன். குழாய் நிறைஞ்சு நின்னா, விரிசல் வழியா தண்ணி வெளியதான் போகும். வெளிய இருக்கிறது உள்ள வராது. வயிறு நிறைஞ்சவனுக்கு எதை ஊட்ட முடியும்?"

"மழையில கரண்டு போயிடும். தொட்டியில இருக்கிறது ஒரே நிரப்பு. உங்க தெருவுல நாலு குழாய் திறந்து கிடந்தாப் போதும், தொட்டி காலி. மறுநாள் மேட்டுத் தெரு என் ஆபீஸ்ல வந்து உட்காரும்." அவர் குவளையைக் கீழே வைத்தார். "சரி. அடுத்த பெரிய மழை ஒண்ணுக்கு மட்டும் விடறேன். தொட்டி காலியானாலும் சரி, பழையபடி ஜனங்க படுத்தாலும் சரி, சாவியைக் கொண்டுவந்து ஆபீஸ்ல வெச்சுடணும்."

"வெச்சுடறேன் சார்" என்றார் அக்கா. அந்த வருமானத்தில்தான் வீட்டில் பாதி ஓடுகிறது என்பதை அவர் சொல்லவில்லை.

அடுத்த வருடக் கோடை முழுவதும் அவர் குழாய்களைத் திருத்தினார். பள்ளத் தெருவில் பாதி வீட்டுக் குழாய்க்குத் திருகே கிடையாது, மீதியில் இருந்த திருகும் தேய்ந்து ஒழுகியது. தண்ணீர் வருகிற நேரத்தில் வரட்டும், நிற்கிற நேரத்தில் நிற்கட்டும் என்று மொட்டையாக விட்டிருந்தார்கள். எல்லாருக்கும் புதுக் குழாய் போட வழியில்லை. வழி கண்டுபிடித்தவர் தையல்காரர். பழைய சைக்கிள் டியூபை வெட்டி, ஒரு முனையை இரட்டைத் தையல் போட்டு அடைத்து, மறுமுனையில் கட்டுவதற்கு நாடா வைத்து, குழாய் வாய்க்குப் போடும் மூடி ஒன்று தைத்தார். பார்க்கக் குழந்தைக்குப் போடும் குல்லா மாதிரி இருந்தது.

"குழாய்க்குச் சட்டை தைக்கிற முதல் தையல்காரர் நீங்கதான்" என்றாள் பக்கத்து வீட்டுப் பெண்.

"அளவு எடுக்கும்போது ஆடாம நிக்குது. உங்களை மாதிரி இல்ல" என்றார் அவர்.

வீடு வீடாக ஏறி இறங்கி மூடிகளைக் கட்டிப் பார்த்தார்கள். மழை வந்தால் மூடியைக் கட்ட வேண்டும் என்று அக்கா தெருவுக்கே பாடமாகச் சொல்லி வைத்தார். சிலர் முகம் சுளித்தார்கள். பிள்ளைகளைக் கட்டிலில் போட்டு அழுதவர்கள் சுளிக்கவில்லை.

வெயில் அந்த வருடம் நான்கு மாதத்தையும் தாண்டி இழுத்தது. சாக்கடை கட்டியாகிக் கிடந்தது. நர்ஸ் கட்டில்களைத் தூசி தட்டி வைத்தார். "இந்த வருஷம் எனக்கே பயமா இருக்குக்கா" என்றார்.

ஒரு மத்தியானம் வானம் கறுத்தது. மற்ற தெருக்களின் வால்வுக்காரர்கள் சாவியோடு ஓடினார்கள். சாவியக்காவும் ஓடினார். ஆனால் முழுவதும் மூடவில்லை. நான்கு சுற்று பாக்கி வைத்துவிட்டு நிமிர்ந்தார். முதல் துளி அவர் கைமேல் விழுந்தது.

அப்புறம் கொட்டியது. அரை மணியில் தெருவில் முழங்கால் தண்ணீர். கரண்டு போனது. வால்வுக் குழி கண்ணுக்குத் தெரியவில்லை. அக்காவின் போன் அடித்தது. பேசியவர் தொட்டி ஆபரேட்டர். தொட்டியின் வெளிச்சுவரில் அளவு காட்டும் முள் ஒன்று உண்டு. நாளெல்லாம் அதையே பார்த்துக்கொண்டிருப்பதால் அவருக்கு முள்ளண்ணன் என்று பெயர்.

"தங்கச்சி, முள்ளு இறங்குது."

"எவ்வளவுண்ணே?"

"மூணு கோடு. இந்த வேகத்துல போனா இருட்டுறதுக்குள்ள தொட்டி காலியாயிடும். நல்லதுக்குச் சொல்றேன், மூடிடு."

குழி இருக்கும் இடம் அவருக்குத் தெரியும். குருட்டுக் கையால்கூட மூடிவிடலாம். மூடினால் தொட்டி பிழைக்கும், சாவியும் ஒருவேளை பிழைக்கும். ஆனால் சாக்கடை இப்போது குழாய்க்கு மேலே ஒரு அடி நிற்கிறது. மூடின அடுத்த நிமிடம் குழாய் வாயைத் திறந்துகொள்ளும்.

"அரை மணி கொடுங்கண்ணே. எங்கேயோ ஒரு குழாய் திறந்து கிடக்கு. கண்டுபிடிச்சுடறேன்."

"அறுபத்திரெண்டு வீட்டுல எதைன்னு தேடுவே?"

"தேடப் போறதில்ல. கேக்கப் போறேன்."

இரும்பு சத்தத்தைக் கடத்தும். அக்கா ஒவ்வொரு வீட்டுக் குழாயிலும் சாவியின் நுனியை ஊன்றி, கைப்பிடியில் காதை வைத்தார். தண்ணீர் ஓடாத குழாய் ஊமை. ஓடுகிற குழாய் தேனீக்கூடு மாதிரி இரையும். மழைச் சத்தத்தில் மறு காதைப் பொத்திக்கொண்டு வீடு வீடாகப் போனார். கதவைத் திறந்து எட்டிப் பார்த்தவர்கள், "எங்க வீட்டுல கட்டியாச்சுக்கா, நீங்களே பாருங்க" என்றார்கள். பார்க்காமலே தெரிந்தது. பத்து வீடு ஊமை. இருபது வீடு ஊமை. நாற்பதாவது வீட்டில் லேசாக ஒரு முனகல். ஐம்பதில் அது இரைச்சலானது. தெருக்கோடியை நெருங்க நெருங்கச் சாவியே கையில் நடுங்கியது.

ஐம்பத்தெட்டாவது வீட்டில் சாவி கத்தியது. அது அவருடைய வீடு.

உள்ளே தையல்காரர் துணிக் குவியலில் சாய்ந்து சுகமாகத் தூங்கிக்கொண்டிருந்தார். பின்கட்டில் டிரம்முக்குள் டியூப் கிடந்தது. டிரம் நிறைந்து வழிந்து, சத்தமில்லாமல் கொல்லைப்புறக் கால்வாயில் போய்க்கொண்டிருந்தது. அக்கா டியூபை உருவிவிட்டு, மூடி தைத்து மிஞ்சிய சைக்கிள் டியூப் துண்டால் குழாய் வாயை இறுக்கிக் கட்டினார். வந்து அவரை உலுக்கினார்.

"அறுபத்தோரு வீட்டுக்கு மூடி தெச்சீங்களே. அறுபத்திரெண்டாவது வீடு எது?"

அவர் கண்ணைக் கசக்கினார். சொட்டச் சொட்ட நிற்கும் மனைவியையும் சாவியையும் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது. "நம்ம வீட்டுலேருந்து யாரும் ஆர்டர் கொடுக்கலையே" என்று மெதுவாகச் சொன்னார்.

அக்காவுக்குக் கோபம் வந்த வழியிலேயே சிரிப்பும் வந்தது. அப்படியே ஈரத்தோடு தரையில் உட்கார்ந்துவிட்டார்.

போன் அடித்தது. "தங்கச்சி, முள்ளு நின்னுடுச்சு. யார் வீடு அது?"

"அதை மட்டும் கேக்காதீங்கண்ணே."

மழை இரண்டு நாள் பெய்தது. தொட்டி காலியாகவில்லை. ஆனால் அது பாதி வெற்றிதான். மறுபாதி நர்ஸின் வராந்தாவில் இருந்தது. "அஞ்சு நாள் தாண்டட்டும்க்கா. அதுக்கு முன்னாடி நான் வாயைத் திறக்க மாட்டேன்" என்று அவர் சொல்லிவிட்டார். ஆறு கட்டில்கள் விரித்துக் கிடந்தன.

இரண்டாவது நாள் யாரும் வரவில்லை. மூன்றாவது நாள் ஒருவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்தார். பார்த்துக்கொண்டிருந்த அக்காவுக்கு உயிரே இல்லை. நர்ஸ் துருவித் துருவிக் கேட்டதில், மாமியார் வீட்டு விருந்தில் மூன்று முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டது தெரிந்தது. "எழுந்து நடங்க. இது மழை நோய் இல்ல, மருமகன் நோய்" என்று நர்ஸ் அவரை அனுப்பிவிட்டார். மேற்குப் பக்கத்துத் தெரு ஒன்றிலிருந்து பதினேழு பேர் வந்தார்கள். அங்கே வால்வுக்காரர் மழைக்கு முன்னால் ஓடிப்போய் மூடியிருந்தார். பள்ளத் தெருவிலிருந்து நான்காவது நாளும் ஆள் இல்லை.

ஐந்தாவது நாள் சாயங்காலம் அக்கா போனபோது, பள்ளத் தெருவுக்கென்று ஒதுக்கி வைத்த கட்டிலில் நர்ஸே காலை நீட்டிப் படுத்திருந்தார்.

"சிஸ்டர், என்னாச்சு?"

"ஒண்ணுமில்லக்கா. பன்னெண்டு வருஷத்துல முதல் தடவை இந்தக் கட்டில் காலியா இருக்கு. எப்படி இருக்கும்னு படுத்துப் பாக்கிறேன்." அவர் எழுந்து உட்கார்ந்து அக்காவின் காய்த்துப்போன கையைப் பிடித்துக்கொண்டார். "உங்க தெருவுல இந்த மழைக்கு எத்தனை பேர் தெரியுமா? ஒருத்தர்கூட இல்ல."

அதே அழுக்குத் தண்ணீரால் வரும் மஞ்சள் காமாலை தெரிய நாளாகும், ஒரு மாதம் பொறுத்துப் பார்க்க வேண்டும் என்றார் நர்ஸ். பொறுத்துப் பார்த்தார்கள். அதுவும் வரவில்லை.

அந்த மாதக் கடைசியில் அக்கா சாவியைத் தோளில் வைத்துக்கொண்டு நேராக அலுவலகத்துக்குப் போய், இன்ஜினியரின் மேஜைமேல் ‘டங்’ என்று வைத்தார். கோப்புகள் ஒரு முறை குதித்தன.

"சார், சொன்ன மாதிரி கொண்டுவந்துட்டேன். எங்க வைக்கணும்?"

இன்ஜினியருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "ஆபீஸ்ல அதுக்கு இடமில்லம்மா, எடுத்துட்டுப் போ" என்றார். பிறகு ஒரு தாளை எடுத்தார். எல்லாத் தெரு வால்வுக்காரர்களுக்கும் போகிற உத்தரவு. முதல் வரி எழுதியிருந்தார், அடுத்தது வரவில்லை. "எத்தனை சுத்துன்னு எப்படி எழுதறது? ஒவ்வொரு தெருவுக்கும் மாறுமே."

"மாறும் சார். நான் சொல்லச் சொல்ல எழுதுங்க" என்று அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பதினொரு வால்வு. ஒவ்வொன்றுக்கும் எத்தனை சுற்று, எங்கே குழாய் சாக்கடையை உரசுகிறது, எந்த வீடுகளுக்கு மூடி வேண்டும் என்று அவர் சொல்ல, இன்ஜினியர் எழுதினார். சாப்பாட்டு நேரம் தாண்டியும் எழுதினார்.

அதற்குப் பிறகு வந்த மழையைப் பள்ளத் தெரு இன்னும் சொல்லிச் சிரிக்கிறது. வானம் கறுத்த மத்தியானம், பதினொரு தெருவிலும் வால்வுக்காரர்கள் சுற்றுகளை எண்ணிக்கொண்டிருந்தார்கள். சாவியக்கா தன்னுடைய நான்கை வைத்துவிட்டு, ஓடாமல், நடந்தே வீட்டுக்கு வந்தார். சாவியைச் சுவரில் சாய்த்தார். பாயை விரித்தார்.

"மூடி கட்டியாச்சா?" என்று கண்ணை மூடிக்கொண்டே கேட்டார்.

"ஒண்ணு கட்டினேன். அதுக்கு மேல இன்னொண்ணும் கட்டினேன்" என்றார் தையல்காரர்.

மழை கூரையை அடிக்க ஆரம்பித்தது. வாசலில் நின்ற பாப்பா ஏதோ கேட்கத் திரும்பினாள். அதற்குள் அம்மா குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.